முகாம் மூடிய பிறகு

கடலூர்,
6.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் குரல் பதிவு வந்தது. பதிலையும் பேசியே அனுப்பலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் பேச ஆரம்பித்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்டிருப்பதோ பணம் சம்பந்தப்பட்ட விஷயம், அதுவும் அடுத்தவர் நம்பிக் கொடுத்த பணம். அதற்கு எழுத்துதான் சரி. எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்றால் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அரிசி, பருப்பு, பால்மா, பாய், போர்வை எல்லாம் மட்டக்களப்பிலிருந்து மலையகத்துக்கு லொறி ஏற்றி அனுப்பிவிட்டோம், கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருக்கிறது, முகாம்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், இனி என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தானே புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் எது உதவியது, எது வீணாய்ப் போனது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புயல் அடித்த வாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நேரம் வரும்போது கேட்கிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார்கள். உங்கள் வாத்தியார் கூட்டத்துக்குக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

முதலில், இங்கே எல்லாரும் நலம். டிட்வா புயல் எங்களை நேராக வந்து அடிக்கவில்லை. நவம்பர் 28ஆம் தேதி உங்கள் நாட்டின் மேல் ஏறி, கொட்ட வேண்டியதையெல்லாம் மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது பலம் குறைந்திருந்தது. எங்கள் கரையை ஒட்டியபடியே வடக்கே போய்க் கடலிலேயே அடங்கியது. டெல்டாவில் சம்பா மூழ்கியது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். டிவியில் ஏதோ தமிழ்நாடு தப்பித்துவிட்டது என்கிற மாதிரி பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அதே வாரம் கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்ணுக்குள்ளிருந்து ஆட்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறுநூறுக்கு மேல் உயிர் போன புயலை நாம் தப்பித்த புயல் என்று எப்படிச் சொல்வது?

யோசித்துப் பார்த்தால், எங்களுக்கு வருகிற புயல்களில் பல உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் வருகின்றன. 2020இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறி, குறுக்கே வந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. மழை மட்டும் சிதம்பரத்தில். ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல். நடராஜர் கோயில் பிராகாரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர், அதற்குள் தீட்சிதர்கள் நடந்து போனதைப் பேப்பரில் படமாகப் போட்டார்கள். உங்களுக்குக்கூட அனுப்பி வைத்தேன். 2024இல் ஃபெஞ்சல். அதுவும் முதலில் அம்பாறையை மூழ்கடித்துவிட்டுத்தான் வந்தது. காரைதீவில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரசாப் பிள்ளைகள் போன செய்தியைப் படித்தபோது, விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர், எங்கள் ஊர்க்காரர்தான் உங்கள் யூனிவர்சிட்டிக்கே முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று சிதம்பரத்தில் நாம் படித்தபோது விடுதியில் நீங்கள் அடித்துக்கொண்ட பெருமைதான் முதலில் ஞாபகம் வந்தது. அந்தப் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரை ஏறி, அங்கேயே நின்று பெய்தது. அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. புயல் காற்றில் தப்பித்த வீடுகளெல்லாம் எங்கேயோ மலையில் பெய்த தண்ணீரில் போயின.

நாம் ஒன்றாக இருந்தபோது முதன்முதலில் உங்கள் வழியாக வந்த புயலை மறந்துவிடுவேனா? 1978 நவம்பர். நான் எம்.ஏ. முதல் வருஷம், நீங்கள் ரெண்டாம் வருஷம். 23ஆம் தேதி ராத்திரி மட்டக்களப்பில் ஏறியது மறுநாள் சாயங்காலம் கீழக்கரைப் பக்கம் எங்கள் ராமநாதபுரத்தில் வந்து விழுந்தது. சிதம்பரத்தில் லேசான தூறல்தான். விடுதியில் இலங்கை வானொலியைப் பாட்டுக்காக வைக்கிற பெண்கள் அன்றைக்கு உங்களுக்காகச் செய்திக்கு வைத்தார்கள். தந்தி போகவில்லை, டிரங்கால் கிடைக்கவில்லை. நாலைந்து நாள் நீங்கள் மெஸ்ஸுக்கே வரவில்லை. தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள், ரெண்டரை லட்சம் வீடு சேதம், மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு சாய்ந்தது என்கிற கணக்கெல்லாம் பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் உங்கள் அப்பாவின் கடிதம் வந்துவிட்டது. அதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எல்லாரும் சுகம் என்று முதல் வரி. மிச்சம் ஒன்றரைப் பக்கமும் களுவாஞ்சிக்குடித் தோட்டத்துத் தென்னையைப் பற்றி. எந்த வரிசையில் எத்தனை, எது வேரோடு, எது நடுவில் முறிந்தது, எது நின்றும் குருத்து போய்விட்டது என்று. பக்கத்துக் கட்டில் பெண், என்னடி உங்கப்பா மரத்துக்குப் போய் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். நீங்கள் பதில் சொல்லவில்லை.

முப்பத்துமூன்று வருஷம் கழித்து எங்கள் மாமியார் அதே கணக்கை எனக்குச் சொன்னார்கள்.

தானே கரை ஏறியது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை என்று பிறகு சொன்னார்கள். அரையாண்டு விடுமுறை, அதனால் நான் வீட்டில். ராத்திரி ரெண்டு மணியிலிருந்தே சத்தம். மழைச் சத்தம் வேறு, இது வேறு. தகரம் பறந்து இன்னொரு தகரத்தில் மோதும் சத்தம், ஜன்னல் கண்ணாடி, தெருவில் எதுவோ உருளுவது. காற்று ஒரு பக்கமாக அடித்து ஓய்கிற மாதிரி இருந்து, திசை மாறி மறுபடி அடித்தது. முதல் அடியில் ஆட்டம் கண்ட மரம் ரெண்டாவது அடியில் விழுந்தது. கதவைத் திறந்தபோது தெரு தெரியவில்லை, மரக்கிளைதான் தெரிந்தது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போக ரெண்டு நாள் ஆனது. ரோடு முழுக்க மரமும் கரண்ட் கம்பமும் கிடந்தன. காடாம்புலியூர்ப் பக்கத்து எங்கள் மாமனார் ஊருக்குக் கடைசிக் கொஞ்ச தூரம் நடந்துதான் போனோம்.

அந்தப் பக்கம் நீங்கள் வந்ததில்லை. செம்மண் பூமி. பார்க்கிற தூரத்துக்கு முந்திரிக்கொல்லை, நடுநடுவே பலா. முந்திரி உயரமாக வளராது. அகலமாகக் குடை பிடித்து நிற்கும், உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் நிழல். அந்த வருஷம் பூக்க ஆரம்பித்திருந்தது. பலாவில் பிஞ்சு இறங்குகிற நேரம். நாங்கள் போனபோது நிழலே இல்லை. வேர் மேலேயும் இலை கீழேயுமாகக் கொல்லை கிடந்தது. எப்போதும் தெரியாத பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் அன்றைக்குத் தெரிந்தது.

மாமியார் அழவில்லை. ஒவ்வொரு பலாவாகப் பேர் சொல்லிக்கொண்டு போனார்கள். மேலண்டை மரம், கிணத்தடி மரம், பெரியவன் பொறந்தப்ப வெச்ச மரம் என்று. எங்கள் பக்கம் பலா என்பது சேமிப்பு அக்கா. பிஞ்சிலேயே வியாபாரி வந்து மரத்தைப் பார்த்துக் குத்தகைப் பணம் கொடுத்துவிடுவான். ஸ்கூல் ஃபீஸ், கல்யாணச் சீர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வருவார்கள். காய்த்து ஓய்ந்த மரத்துக்குக்கூட அவ்வளவு மதிப்பு.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்குப் பிறகு நடந்ததை. தானேவில் நாற்பதுக்கு மேல் உயிர் போனது, பெரும்பாலும் எங்கள் மாவட்டத்தில். வீடு, மரம், கம்பம் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் போயின. ஆனால் புயல் கொண்டுபோனதைவிட, அடுத்த மூன்று நாலு மாதத்தில் எங்கள் ஜனங்கள் தாங்களாகவே விற்றுத் தொலைத்தது அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரம் விழுந்துவிட்டது. எல்லார் கையிலும் விறகு, எல்லார் கையிலும் பலாக்கட்டை. வாங்குகிறவன் ஒருத்தன், விற்கிறவன் ஊர் முழுக்க. மர வியாபாரிகள் லாரியோடு வந்து நின்றார்கள். சாதாரண நாளில் பேரம் பேசி வாரக்கணக்கில் இழுக்கிற மரத்தை அவர்கள் சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். கொடுக்காமல் என்ன செய்வது? கட்டையை அப்புறப்படுத்தினால்தான் மறுபடி உழ முடியும். அப்புறப்படுத்த ஜே.சி.பி. வேண்டும். அதுவும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வேண்டும், வாடகை ஏறிப்போனது. விற்கிற பொருள் விலை இறங்கி, வாங்குகிற கூலி விலை ஏறிய அந்த இடுக்கில் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மரம் முடிந்ததும் ஆடு. ஆடு முடிந்ததும் நகை அடகு. சிலர் கொல்லையையே விற்றார்கள். கடைசியாகப் பிள்ளைகள். பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள்.

பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிகள் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வந்துகொண்டிருந்தது. அதனால் உடைக்கிற பெண்களுக்கு வேலை இருந்தது, எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு அவர்கள்தான் அந்தக் கோடையில் வீட்டுக்குச் சோறு போட்டார்கள். கொல்லைக்காரனைவிட அன்றாடக் கூலிக்காரி வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்த விசித்திரத்தை அப்போதுதான் பார்த்தேன்.

உதவி வரவில்லையா என்றால், வந்தது. ஆனந்த விகடன் 'தானே துயர் துடைப்போம்' என்று வாசகர்களிடம் நிதி திரட்டியது. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டிக்கொடுக்க அரசு திட்டம் போட்டது. இன்றைக்கும் அவற்றைத் தானே வீடு என்றுதான் சொல்கிறோம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ.-3 ரக ஒட்டுக்கன்றுகள் கொல்லைக்குக் கொல்லை வந்தன. இவையெல்லாம் நல்ல காரியங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். வெளியூர் வண்டிகளில் வந்தது வேறு கதை. மெயின் ரோட்டில் நின்று, ரோட்டோரம் இருந்தவர்களுக்குக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். உள்ளே ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு ரொட்டிப் பொட்டலம்கூடப் போகாது. பழைய துணி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நீங்களும் நானும் 2004லேயே பேசியிருக்கிறோம். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் ரோட்டோரத்தில் குவிந்து மழையில் நனைந்து நாறிய துணிகளைப் பார்த்த பிறகு, யாராவது துணி கொடுக்கிறேன் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த மீனவப் பெண்ணுக்கு யாரோ உடுத்திக் கழித்த சேலை எதற்கு?

கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு தொழிலானது. மார்ச்சில் பொதுத்தேர்வு. என்னிடம் படித்த பிளஸ் டூ பெண்களில் பாதிப்பேர் முந்திரிக்கொல்லை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது பெஞ்சுகளில் இடைவெளி தெரிந்தது. விசாரித்தால் ஒருத்தி ஜவுளிக்கடையில், ஒருத்தி கம்பெனியில் கொட்டை உடைக்க, ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அப்போது எங்கள் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அரிசி வாங்கவில்லை, நோட்டுப் புத்தகம் வாங்கவில்லை. பரீட்சை எழுத வேண்டிய பெண்களின் வீட்டுக்கு, அந்தப் பெண் வேலைக்குப் போனால் மாதம் என்ன கொண்டுவருவாளோ அந்தத் தொகையைப் பரீட்சை முடிகிற வரைக்கும் கையில் கொடுத்தோம். எதற்குச் செலவு செய்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒருத்தியின் அப்பா அதில் கொஞ்சம் குடித்தார், தெரியும். ஆனாலும் பெண் பரீட்சை எழுதினாள். இன்றைக்கு நர்ஸாக இருக்கிறாள். அவளும் அவள் செட்டில் படித்தவர்களும் சேர்ந்துதான் இப்போது ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு கதை. மகன் கப்பலில் இருக்கிறான் அல்லவா, அவனோடு வேலை பார்க்கிற ஒரு பிலிப்பைன்ஸ் பையன் லெய்ட்டே தீவுக்காரன். 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் சூறாவளி அடித்த ஊர் அது. ஆறாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தக்லோபான் நகரத்துக்குள் கடல் புகுந்தது. மூன்று கோடிக்கு மேல் தென்னை சேதம் என்று அரசாங்கமே கணக்கு சொன்னது. அந்தப் பையன் குடும்பமும் கொப்பரை விற்றுப் பிழைத்த குடும்பம்தான். வீடியோ காலில் ஒருநாள் என்னோடு பேசினான். உன் அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். விழுந்த தென்னையை அறுக்க மரம் அறுக்கிற மெஷின் கிடைத்தது, அறுத்த பலகையில் வீடு கட்டினோம், விற்கவில்லை என்றான். மரத்தை அப்படியே போட்டு வைத்தால் காண்டாமிருக வண்டு பெருகி நிற்கிற தென்னையையும் தின்றுவிடும் என்பதால் ஊர் ஊராக மெஷினை அனுப்பினார்களாம். இருந்தாலும் புதுக்கன்று பாளை விட ஆறேழு வருஷம். அதற்குள் வீட்டுக்குப் பெரியவன் கடலுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. உங்கள் அப்பா 79இல் வைத்த கன்று பாளை விட்டபோது நாட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது, தேங்காய் பறிக்க ஆள் போக முடியவில்லை என்று நீங்கள் எழுதியது நினைவு வந்தது. அதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் எந்தத் தீவு என்று கேட்டான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலையகத்து நிலைமை எங்களைவிட மோசம். எங்களுக்கு மரம் போனாலும் மண் இருந்தது, மண்ணுக்குப் பட்டா இருந்தது. பட்டா மாமனார் பேரிலேயே கிடந்ததால் நிவாரணப் பணத்துக்கு ஓர் அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் நாயாய் அலைந்தோம் என்பது வேறு. அங்கேயோ மண்ணே சரிந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாலு தலைமுறை இருந்தவர்களுக்கும் அந்த இடம் சொந்தமில்லை. இடிந்த வீட்டுக்கு நஷ்டஈடு என்றால் வீடு யாருடையது என்று கேட்பார்கள். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு புதைந்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு ஒழுங்கான பதில் கிடைத்திருந்தால் இன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

அதனால் உங்கள் மிச்சப் பணத்தில் சாமான் எதுவும் வாங்காதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதம் எதை விற்கப் போகிறது என்று கேளுங்கள். விற்காமல் இருக்க என்ன வேண்டும் என்று பார்த்து அதற்குக் கொடுங்கள். நகை அடகில் இருந்தால் வட்டியைக் கட்டுங்கள். முழுவதையும் மீட்க வேண்டாம், மூழ்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ரோடு உடைந்து தோட்டத்துக்குள் வேலை இல்லாமல் அரைநாள் கூலிகூடக் கிடைக்காத வீடுகளுக்கு அந்த நாட்கூலியைப் பணமாகவே கொடுங்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போனவர்களுக்குப் புதிது எடுத்துக் கொடுக்க ஒருவர் கூடவே போக வேண்டும். பஸ் காசு, ஒரு நாள் சம்பள இழப்பு, போட்டோ, நகல் எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை வராது, ஆனால் அந்தச் சின்னத் தொகை இல்லாமல்தான் ஜனங்கள் பாதியில் விடுகிறார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார்கள் நீங்கள், கிராம சேவகர் முன்னால் நின்று படிவம் நிரப்ப உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவசரத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று. எங்கள் பக்கம் தானேவுக்குப் பிறகு கொல்லையைக் குத்தகைக்கு என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, பத்து வருஷம் கழித்து அது கிரயம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். தற்காலிக இடத்துக்குப் போகச் சொன்னால் போகட்டும், உயிர் முக்கியம். ஆனால் இருந்த இடத்தின் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்துவிடக் கூடாது. தெரிந்த வக்கீல் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்துபோனால் அது பத்து லொறி சாமானுக்குச் சமம்.

எங்கள் கொல்லையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒட்டு முந்திரி வைத்த நாலாவது வருஷமே காய்க்க ஆரம்பித்துவிட்டது. நடுவில் மல்லாட்டை போட்டுத்தான் அந்த நாலு வருஷத்தை ஓட்டினோம். பலாவும் வைத்தோம். அது நிதானமான ஜாதி. மாமியார் இருந்தவரைக்கும் அந்தக் கன்றுகளுக்குப் பேர் வைக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, காய்க்கட்டும், அப்புறம் பாக்கலாம் என்றார்கள். போன வருஷம்தான் ஒன்று பெரிதாகக் காய்த்தது. சின்ன மகள் அதற்கு ஆயா மரம் என்று பேர் வைத்திருக்கிறாள்.

மலையில் இருக்கிற உங்கள் மகள் வீட்டுக்கு மேலே சரிவில் விரிசல் தெரிகிறது என்று சொன்னீர்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்க்கிற வரைக்கும் அங்கே தூங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பகலில் வேண்டுமானால் போய்ச் சமைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை திருவாதிரை. சிதம்பரத்துக்குப் போகவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டிலேயே களி கிண்டினேன். ஏழுகறிக் கூட்டு உங்கள் கைப்பக்குவத்துக்கு வராது. மொச்சையைக் கொஞ்சம் அதிகமாக வேகவிட்டுவிட்டேன்.

கடைசியாக, சொன்னேனே அந்த நிதியைப் பற்றி. என் பழைய மாணவிகள் நேற்று வந்திருந்தார்கள். உங்கள் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) புயலால் பாதியில் தள்ளிப்போய், இப்போது எழுதப் போகிற தோட்டத்துப் பிள்ளைகளில் வேலைக்கு அனுப்பப்படக்கூடிய நிலையில் இருக்கிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் கேட்கிறார்கள். பேர் வேண்டாம், எத்தனை பேர், வீட்டுக்கு மாதம் எவ்வளவு இருந்தால் பிள்ளையை நிறுத்தாமல் இருப்பார்கள் என்று மட்டும் எழுதுங்கள். தொகை பெரிதாக இருக்காது, ஆனால் மாதாமாதம் வரும். இங்கிருந்து பணம் அனுப்ப எந்த வழி சட்டப்படி சரி என்று உங்கள் பக்கத்து வங்கியில் கேட்டுச் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.

உங்கள் அன்புத் தங்கச்சி